கொடிக்கு எண்பது யார்டு

2007 மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டியை ஸாக் ஜான்சன் ஜெயித்த விதம் பலருக்குச் சப்பென்றுதான் இருந்திருக்கும். அகஸ்டா மைதானத்தில் பார்-5 குழிகள் நான்கு. நான்கு நாள் ஆட்டத்தில் மொத்தம் பதினாறு. டைகர் உட்ஸ் மாதிரி ஓங்கி அடிப்பவர்கள் இரண்டாவது அடியிலேயே கிரீனைத் தொடப் பார்க்கும் குழிகள் அவை. ஜான்சன் பதினாறில் ஒன்றில்கூட அதற்கு ஆசைப்படவில்லை. இரண்டாவது அடியை வேண்டுமென்றே குறைத்து, வாகான இடத்தில் பந்தை நிறுத்தினார். பிறகு குறைந்த தூரத்துக்கான, சாய்வு அதிகமான வெட்ஜ் மட்டையை எடுத்துக் கொடியை நோக்கி அடித்தார். அந்தப் பதினாறு குழிகளில் பதினொரு பேர்டி (பாருக்கு ஒன்று குறைவு). போகி (பாருக்கு ஒன்று அதிகம்) ஒன்றுகூட இல்லை.

இன்னொரு கணக்கும் போட்டுப் பார்க்கலாம். அவர் மொத்த ஸ்கோர் 289, பாருக்கு ஒன்று அதிகம். பார்-5 குழிகளில் பதினொன்று மிச்சம் பிடித்தவர், மீதி 56 குழிகளில் பன்னிரண்டு ஸ்ட்ரோக் கூடுதலாகச் செலவழித்திருக்கிறார் என்று அர்த்தம். குளிரும் காற்றுமாக இருந்த அந்த வாரத்தில் எல்லாருமே திணறினார்கள். சனிக்கிழமை ஜான்சனே 76 அடித்தார். ஆனாலும் உட்ஸ், ரெட்டிஃப் கூசன், ரோரி சபாட்டினி மூவரையும் இரண்டு ஸ்ட்ரோக்கில் முந்தி, வெற்றியாளருக்குத் தரும் பச்சைக் கோட்டை வாங்கிக்கொண்டு போனார். டிரைவர் மட்டையை எடுத்தால் கூட்டம் வாய் பிளக்கும் ஆள் அல்ல அவர். வெட்ஜ்தான் காப்பாற்றியது.

கோல்ஃப் பழகுகிறவர்களில் பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் கோட்டை விடுகிறார்கள். டிரைவர் நன்றாக விழுந்திருக்கும். இரண்டாவது அடியும் பரவாயில்லை. கொடிக்கு இன்னும் அறுபது, எழுபது யார்டுதான். பட்டப்பகலில் கண்முன்னே கிரீன் விரிந்து கிடக்கிறது. அங்கிருந்து ஒரு அடி பந்துக்கு முன்னால் மண்ணைக் கிளறும். அடுத்தது பந்தின் வயிற்றில் பட்டு கிரீனைத் தாண்டிப் பறக்கும். நான்கில் முடிய வேண்டிய குழி ஏழில் முடியும். கூட ஆடுகிறவர்கள் நாகரிகமாக வேறு பக்கம் பார்ப்பார்கள்.

இதில் திறமைக் குறைவைவிடப் பழக்கக் குறைவுதான் பெரிது. பயிற்சித் திடலில் ஒரு வாளிப் பந்தை வாங்குகிறவர் அதில் பெரும்பகுதியை டிரைவருக்கும் ஏழாம் நம்பர் அயர்னுக்கும் கொடுத்துவிடுகிறார். எல்லாமே முழு வீச்சு. கேரம் ஆடுபவர்களுக்கு இது புரியும்: ஸ்ட்ரைக்கரை முழு வேகத்தில் சுண்ட யாராலும் முடியும், அரை வேகத்தில், அதுவும் ஒவ்வொரு தடவையும் ஒரே அரை வேகத்தில் சுண்டத்தான் விரல் பழக வேண்டும். கோல்ஃபில் அந்த அரை வேகத்தைத் தனியாகப் பழகுகிறவர்கள் குறைவு. மைதானத்தில் தேவை வரும்போது முழு வீச்சை எடுத்துப் பாதியில் பிரேக் போடுகிறார்கள். மட்டை பின்னால் தோள்வரை போய்விட்டு, பந்தருகே வரும்போது தயங்குகிறது. கெட்ட வெட்ஜ் அடிகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்தத் தயக்கம்தான் தாய்.

இதை எண்களாக்கிப் பார்த்தவர் டேவ் பெல்ஸ். நாசாவின் கோடார்ட் விண்வெளி மையத்தில் வேலை பார்த்த இயற்பியல்காரர். கல்லூரி நாளில் ஜாக் நிக்லஸை எதிர்த்து ஆடித் திரும்பத் திரும்பத் தோற்றவர் என்பது அவரே சொல்லிச் சிரித்த கதை. 1970-களில் நாசா வேலையை விட்டுவிட்டு, தொழில்முறைப் போட்டிகளில் ஆட்டக்காரர்களின் பின்னால் நோட்டும் கையுமாக அலைந்தார். யாருடைய பந்து எங்கே விழுகிறது, இலக்கிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று குறித்துக்கொண்டே போனார். நீளமான மட்டைகளில் தவறு பெரும்பாலும் திசையில் நடக்கிறது, பந்து இடமோ வலமோ போகிறது. வெட்ஜிலோ திசை ஏறக்குறைய சரியாகவே இருக்கிறது, தூரம்தான் தப்புகிறது. கிரீனின் நடுவில் கொடி நிற்க, பந்து அதே கோட்டில் பத்து யார்டு முன்னாலோ பின்னாலோ கிடக்கிறது.

அந்தப் பத்து யார்டு ஏன் இவ்வளவு முக்கியம்? அடுத்து அடிக்க வேண்டிய பட்டின் நீளம் அதுதான். அமெரிக்கத் தொழில்முறை ஆட்டக்காரர்களே எட்டடி தூரத்துப் பட்டில் இரண்டுக்கு ஒன்றுதான் குழியில் போடுகிறார்கள். இருபது அடி என்றால் ஏழுக்கு ஒன்று தேறுவதே பெரிய விஷயம். பட்டிங் சரியில்லை என்று புலம்புகிறவர்களில் பலருக்கு உண்மையான குறை பட்டரில் இல்லை; அதற்கு முந்தைய அடியில் இருக்கிறது.

பெல்ஸ் சொன்ன மருந்து எளிமையானது. பின்வீச்சை ஒரு கடிகாரமாக நினைத்துக்கொள்ள வேண்டும். வலக்கை ஆட்டக்காரருக்கு இடக்கைதான் முள். எதிரே நின்று பார்ப்பவருக்கு அந்தக் கை ஏழரை மணியில் நின்றால் சின்ன வீச்சு. தரைக்கு இணையாக ஒன்பது மணியில் நின்றால் நடு வீச்சு. பத்தரை மணிக்கு ஏறினால் பெரிய வீச்சு. மூன்றுக்கும் ஒரே தாளம்தான். வேகத்தைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். வீச்சின் நீளமே தூரத்தைத் தீர்மானிக்கட்டும். பையில் நான்கு வெட்ஜ் இருந்தால் ஆளுக்கு மூன்றாகப் பன்னிரண்டு தூரங்கள் கைக்கு வந்துவிடும். அப்புறம் கொடிக்கு அறுபது யார்டு என்றதும், ‘கொஞ்சம் மெதுவா அடிப்போமா’ என்று மனசு தடுமாறத் தேவையில்லை. இந்த மட்டை, இந்த மணி என்று கை போய்விடும்.

இந்த இடத்தில் தொழில்முறை ஆட்டக்காரர் டாம் கைட்டைச் சொல்லாமல் விட முடியாது. வழக்கமான பிட்சிங் வெட்ஜ், சாண்ட் வெட்ஜ் இரண்டோடு 60 டிகிரி சாய்வுள்ள மூன்றாவது வெட்ஜையும் பையில் வைத்துக்கொள்ளச் சொல்லி அவருக்கு யோசனை தந்தவர் பெல்ஸ். அன்றைக்கு அது கொஞ்சம் கிறுக்குத்தனமாகத்தான் தெரிந்திருக்கும். 1981-இல் கைட் 26 போட்டிகளில் ஆடி 21-இல் முதல் பத்து இடங்களுக்குள் வந்தார். ஜெயித்தது ஒன்றே ஒன்றுதான். ஆனாலும் அந்த ஆண்டு பரிசுப்பணப் பட்டியலில் முதல் ஆள் அவர். 1992 யு.எஸ். ஓப்பன் கடைசி நாளில் பெப்பிள் பீச்சின் ஏழாவது குழியில் கடல் காற்று ஆளையே தள்ளியபோது, கிரீனுக்கு வெளியே கிடந்த பந்தை அவர் நேராகக் குழிக்குள் அனுப்பியதும் 60 டிகிரி வெட்ஜால்தான்.

இன்றைய செட்டுகளில் இன்னொரு சிக்கல் சேர்ந்துவிட்டது. தூரம் கூடத் தெரிய வேண்டும் என்பதற்காக நிறுவனங்கள் அயர்ன்களின் சாய்வைக் குறைத்துக்கொண்டே வருகின்றன. ஒரு காலத்தில் 48 டிகிரியாக இருந்த பிட்சிங் வெட்ஜ், இப்போது பல செட்டுகளில் 44-லும் 43-லும் வந்து நிற்கிறது. அதற்கு அடுத்து 56 டிகிரி சாண்ட் வெட்ஜ் மட்டும் வைத்திருப்பவருக்கு நடுவே பெரிய பள்ளம். அதை ஒரு 50 டிகிரி வெட்ஜ் நிரப்பிவிடும். ஒவ்வொரு வெட்ஜுக்கும் இடையில் நாலிலிருந்து ஆறு டிகிரி வித்தியாசம் இருந்தால் போதும். புது டிரைவர் வாங்கக் காசு சேர்ப்பவர்கள் அதற்கு முன் தங்கள் பிட்சிங் வெட்ஜின் சாய்வு எத்தனை என்று ஒருமுறை விசாரித்துவிடுவது நல்லது.

சரி, அடிப்பது எப்படி? ஸ்டீவ் ஸ்டிரிக்கரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். விஸ்கான்சின்காரர். பனி கொட்டும் குளிர்காலத்தில் சூடேற்றிய டிரெய்லருக்குள் நின்றுகொண்டு, வெளியே பனிவெளியை நோக்கிப் பந்தடித்துப் பழகிய மனிதர். ஒரு கட்டத்தில் ஆட்டமே கைவிட்டுப் போய், திரும்பி வந்து, 2006, 2007 இரண்டு ஆண்டுகளும் அடுத்தடுத்து ‘மீண்டு வந்த ஆட்டக்காரர்’ விருது வாங்கினார். மீண்டு வந்தவருக்கு அதே விருதை மறுபடியும் கொடுத்தது வேடிக்கைதான். அவர் வெட்ஜ் அடியில் கண்ணைக் கவரும் எதுவும் இருக்காது. மணிக்கட்டு ஏறக்குறைய மடங்குவதே இல்லை. கையும் தோளும் மார்பும் ஒன்றாகப் பின்னால் போய் ஒன்றாக முன்னால் வருகின்றன. அசையும் பாகங்கள் குறையக் குறையத் தவறுவதற்கான வழிகளும் குறைகின்றன.

பழகுகிறவர் இதிலிருந்து எடுத்துக்கொள்ளக்கூடியவை சில உண்டு. கால்களை நெருக்கி நிற்க வேண்டும். இது பலம் காட்டும் அடி அல்ல. எடை முன்காலில் சற்றே கூடுதலாக இருக்கட்டும், கடைசிவரை அங்கேயே இருக்கட்டும். பந்து நிற்கும் இடம் கால்களுக்கு நடுவில். மட்டையை ஓர் அங்குலம் கீழே இறக்கிப் பிடித்தால் தூரம் சில யார்டு குறையும், பிடியும் கைக்கு அடங்கும். பின்வீச்சு சின்னதாக, முன்வீச்சு அதைவிடக் குறையாமல். முடிக்கும்போது நெஞ்சு இலக்கைப் பார்க்க வேண்டும். மார்பு நின்றுபோய்க் கை மட்டும் பாய்ந்தால் பந்து மண்ணிலோ வானத்திலோதான்.

பந்தை மேலே தூக்கிவிட நினைப்பதுதான் எல்லாவற்றிலும் மோசமான ஆசை. அகப்பையால் கோருவதுபோலக் கோர வேண்டியதே இல்லை. தூக்குவதற்குத்தான் மட்டையில் 56 டிகிரி சாய்வு வைத்திருக்கிறார்கள். மட்டை கீழ்நோக்கி வந்து முதலில் பந்தையும் பிறகு புல்லையும் தொட்டால், பந்து தானாக எழும்பும்.

அதற்காக மட்டைப் பிடியை முன்னால் சாய்த்துக் கோடரிபோல இறக்கினாலும் வம்புதான். வெட்ஜின் அடிப்பாகம் தட்டையாக இருப்பதில்லை. கொஞ்சம் உப்பலாக, முன்விளிம்பைவிடப் பின்பகுதி தாழ்ந்து இருக்கும். பவுன்ஸ் என்கிறார்கள். மண்ணில் புதையாமல் மட்டையை வழுக்கிக்கொண்டு போக வைப்பது அதுதான். பிடியை அளவுக்கு மீறி முன்னால் சாய்த்தால் பவுன்ஸ் மேலே எழும்பிவிடும், கூரான முன்விளிம்பு தோண்ட ஆரம்பிக்கும். காய்ந்து இறுகிய தரைக்குப் பவுன்ஸ் குறைந்த வெட்ஜ் தோது. செழித்த புல்லுக்கும் மெத்தென்ற மணலுக்கும் கூடுதல் பவுன்ஸ் வேண்டும்.

இந்த உப்பலைப் பிரபலமாக்கிய பெருமை அந்தக் கால ஆட்டக்காரர் ஜீன் சாராசனைச் சேரும். விமானி ஹோவர்ட் ஹியூஸோடு விமானத்தில் போனபோது வால்தகடு அசைவதையும் விமானம் மேலே எழுவதையும் கவனித்ததாகவும், அதே தத்துவத்தை மட்டைக்குக் கொண்டுவரலாமே என்று தோன்றியதாகவும் அவர் பிற்பாடு சொல்லியிருக்கிறார். நிப்லிக் என்ற பழைய மட்டையின் அடியில் ஈயத்தை உருக்கி ஒட்டி, அரத்தால் தேய்த்துத் தேய்த்து ஒரு வடிவத்துக்குக் கொண்டுவந்தார். 1932-இல் இங்கிலாந்தின் பிரின்சஸ் மைதானத்தில் நடந்த ஓப்பன் போட்டிக்கு அதை எடுத்துப் போனபோது, அதிகாரிகள் கண்ணில் பட்டுத் தடை செய்துவிடுவார்களோ என்று பையில் தலைகீழாகச் செருகி வைத்திருந்தாராம். அந்தப் போட்டியை 283 என்ற ஸ்கோரில் வென்றார். அதே ஆண்டு யு.எஸ். ஓப்பனையும் வென்றார்.

ஸ்பின் பற்றிப் பேசாமல் யாரும் வெட்ஜைப் பற்றிப் பேசி முடிப்பதில்லை. தொலைக்காட்சியில் பந்து கிரீனில் விழுந்து, ஒரு துள்ளு துள்ளி, பின்னோக்கி இழுத்துக்கொண்டு வருவதைப் பார்த்தவர்கள் அதையே கனவு காண்கிறார்கள். மட்டைத் தலையின் வேகம், மட்டை முகத்துக்கும் பந்துக்கும் இடையே உள்ள உராய்வு, இரண்டும் சேர்ந்துதான் ஸ்பின். நாற்பது யார்டு அடியில் வேகமே குறைவு. ஆகவே ஸ்பின்னும் குறைவு, பந்து விழுந்த பிறகு ஓடத்தான் செய்யும். அதைக் கணக்கில் சேர்த்துக்கொண்டு விழும் இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மட்டை முகத்துக் கோடுகளில் மண் அடைந்திருந்தால் உராய்வு போச்சு. காலைப் பனியில் புல் நனைந்திருந்தால் இன்னும் மோசம்: நீர் நடுவில் புகுந்து வழுக்க, பந்து வழக்கத்தைவிட உயரமாகக் கிளம்பி ஸ்பின் இல்லாமல் மிதந்து போகும். ஒரு துண்டும் பழைய பல்துலக்கியும் பையில் இருந்தால் இதில் பாதிப் பிரச்சினை தீரும். பந்தின் மேலுறை யூரித்தேனா என்பதும் முக்கியம். கெட்டியான மேலுறை கொண்ட மலிவுப் பந்துகள் வெட்ஜுக்கு அவ்வளவாகப் பணிவதில்லை.

இனி, சர்ச்சைக்குரிய விஷயம். ஜான்சன் வெற்றிக்குப் பிறகு ‘உனக்குப் பிடித்த தூரத்தை விட்டுவைத்து அடி’ என்ற உபதேசம் வேதவாக்காகிவிட்டது. எண்பது யார்டு பிடிக்கும் என்றால், முப்பது யார்டுவரை போக முடிந்தாலும் எண்பதிலேயே நிறுத்து என்பார்கள். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் வணிகப் பள்ளிப் பேராசிரியர் மார்க் பிராடி இதை ஒத்துக்கொள்வதில்லை. பி.ஜி.ஏ. டூர் லேசர் கருவிகளால் சேகரித்த லட்சக்கணக்கான அடிகளை அலசி அவர் போட்ட கணக்கு 2014-இல் புத்தகமாக வந்தது. அதன்படி ஃபேர்வேயில் நூறு யார்டிலிருந்து ஒரு தொழில்முறை ஆட்டக்காரர் குழியை முடிக்கச் சராசரியாக 2.80 ஸ்ட்ரோக் எடுக்கிறார். எண்பதிலிருந்து 2.75. அறுபதிலிருந்து 2.70. நாற்பதிலிருந்து 2.60. கிட்டே போகப் போக எண் இறங்கிக்கொண்டே வருகிறது. எண்பதைவிட நாற்பது கெட்டது என்று எங்கேயும் காணோம்.

அப்படியானால் ஜான்சன் செய்தது தப்பா? இல்லை. அதே அட்டவணையின் அடுத்த பத்தியைப் பார்க்க வேண்டும். நாற்பது யார்டில் பந்து ரஃபில் கிடந்தால் சராசரி 2.78 ஆகிவிடுகிறது, அதாவது எண்பது யார்டு ஃபேர்வேயைவிடச் சற்று மோசம். அறுபது யார்டில் ரஃப் என்றால் 2.91. அறுபது யார்டு தள்ளி பங்கரில் விழுந்தாலோ 3.15, நூறு யார்டு ஃபேர்வேயே எவ்வளவோ தேவலை. அகஸ்டாவில் 13-ஆவது குழிக்கு முன்னால் ஓடை, 15-ஆவது குழிக்கு முன்னால் குளம். இரண்டாவது அடியில் எட்டவே முடியாத நீளம்தான் கைவசம் என்றால், தண்ணீரோடு சூதாடாமல் ஃபேர்வேயில் நின்றதே புத்திசாலித்தனம். ஜான்சன் தன் கைக்கு ஏற்ற முடிவை எடுத்தார். எல்லாரும் எண்பது யார்டில் நிற்க வேண்டும் என்று அதை விதியாக மாற்றியது பார்த்தவர்களின் வேலை.

எதிர்த்திசை உதாரணமும் இருக்கிறது. 2020 யு.எஸ். ஓப்பனில், விங்டு ஃபுட் மைதானத்தின் அடர்ந்த ரஃபைப் பார்த்து எல்லாரும் பயந்தபோது, பிரைசன் டிஷாம்போ கண்டுகொள்ளாமல் ஓங்கி அடித்தார். 56 ஃபேர்வேக்களில் 23-இல் மட்டுமே பந்து நின்றது. மற்ற இடங்களில் புல்லிலிருந்து பிடுங்கி எடுத்து அடித்தார். ஆறு ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் கோப்பை. அவரைப் போன்ற பலம் உள்ளவர்களுக்கு அந்த வழி. வார இறுதியில் ஆடுகிறவர்களுக்கு நடுவழி ஒன்று போதும்: தண்ணீரும் மணலும் குறுக்கே இல்லாவிட்டால் முடிந்தவரை கிட்டே போகலாம், இருந்தால் தெரிந்த தூரத்தில் நின்றுகொள்ளலாம்.

தூரத்தை எவ்வளவு நுணுக்கமாக நினைக்க முடியும் என்பதற்கு உட்ஸின் ஒரு சோகக் கதை சாட்சி. 2013 மாஸ்டர்ஸ், வெள்ளிக்கிழமை, அதே 15-ஆவது குழி. எண்பத்தைந்து யார்டு சுமாருக்கு அவர் அடித்த வெட்ஜ் அளவுக்கு மீறி நன்றாக அமைந்துவிட்டது: பந்து நேராகக் கொடிக்கம்பத்தில் மோதி, திரும்பி உருண்டு குளத்தில் விழுந்தது. அபராதத்தோடு மறுபடி அடித்து ஆறில் முடித்தார். ஆட்டம் முடிந்து பேட்டி கொடுத்தபோது, முதல் பந்து கம்பத்தில் பட்டதால், இரண்டு யார்டு பின்னால் தள்ளிப் பந்தைப் போட்டு அடித்ததாகச் சாதாரணமாகச் சொன்னார். அன்றைய விதியோ முதலில் அடித்த இடத்துக்கு எவ்வளவு முடியுமோ அவ்வளவு அருகில் போடச் சொன்னது. மறுநாள் இரண்டு ஸ்ட்ரோக் தண்டனை, ஆறு எட்டானது. விதி மீறலை ஒரு பக்கம் வைத்துவிட்டுப் பார்த்தால், பதற்றத்தின் உச்சியிலும் அந்த மனிதரின் மூளை இரண்டு யார்டு கணக்கில் ஓடியிருக்கிறது. பழகுகிறவர்களுக்கு இரண்டு தேவையில்லை. ஐந்து யார்டு கணக்கில் யோசித்தாலே ஸ்கோர் இறங்கும்.

அதற்கு ஒரு மாலைப்பொழுது உழைப்பு வேண்டும். முப்பது, நாற்பத்தைந்து, அறுபது யார்டுகளில் பழைய துண்டுகளை விரித்து, ஒவ்வொரு வெட்ஜாலும் ஏழரை, ஒன்பது, பத்தரை மணி வீச்சுகளில் பத்துப் பத்துப் பந்து அடிக்கலாம். பந்து உருண்டு நின்ற இடம் அல்ல, முதலில் தரையைத் தொட்ட இடம்தான் அளவு. பத்தில் சிறந்ததை எழுதக் கூடாது. பெரும்பாலானவை விழுந்த இடத்தை எழுத வேண்டும். இதில் தன்னை ஏமாற்றிக்கொள்ளாதவர்கள் அபூர்வம். திடலில் கிடைக்கும் தேய்ந்த பந்துகள் பெரும்பாலும் குறைந்த தூரமே போகும். மைதானத்தில் ஆடும் பந்திலேயே கொஞ்சம் அடித்துச் சரிபார்த்துக்கொள்வது உத்தமம். கணக்கு தயாரானதும், ஒரே இடத்துக்கு ஐம்பது பந்து அடிக்கும் பழக்கத்தை விட்டுவிட்டு, ஒவ்வொரு பந்துக்கும் தூரத்தை மாற்ற வேண்டும். மைதானத்தில் ஒரே அடியை இரண்டு தடவை அடிக்க யாரும் விடுவதில்லை.

மைதானத்தில் குறி வைக்க வேண்டியது கொடியை அல்ல, பந்து விழ வேண்டிய இடத்தை. கொடி கிரீனின் முன்விளிம்பில், பங்கரை ஒட்டி நின்றால் அதற்குப் பின்னால் நாலைந்து யார்டு தள்ளி விழட்டும். பின்கோடியில் நின்றால் நடுவில் விழுந்து ஓடிப் போகட்டும். கேடி கூட வந்தால் அவரிடம் கொடியின் தூரத்தை மட்டும் கேட்டு நிறுத்திக்கொள்ளாமல், முன்விளிம்பு எவ்வளவு என்றும் கேட்க வேண்டும். அந்த மைதானத்தின் கிரீன் எவ்வளவு கெட்டி என்பது அவருக்குத்தான் தெரியும்.

அடுத்த முறை திடலுக்குப் போகிறவர்கள் வாளியில் பாதியையாவது வெட்ஜுக்கு ஒதுக்கிப் பாருங்கள். கிடைத்த தூரங்களை ஒரு சின்ன அட்டையில் எழுதிப் பையில் போட்டுவையுங்கள். புது டிரைவரின் விலையோடு ஒப்பிட்டால் அந்த அட்டைக்குச் செலவே இல்லை.